எல்லாப் பந்தும் நிமலன் அண்ணனுக்கே

எங்கள் கால்பந்து அணியில் பதினொரு பேர் ஆடினாலும் பந்து ஒருவருக்குத்தான் போகும். அவர் நிமலன் அண்ணன். ஐம்பது தாண்டியவர். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், மங்கரே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அணியைத் தொடங்கியவர், கேப்டன், நடுக்கள ஆட்டக்காரர், எல்லாம் அவரேதான். நான் கோல்கீப்பர் கோதண்டராமன். எனக்கு முன்கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு சீசன் முழுக்க என் இடத்தில் நின்று பார்த்திருந்தால் அவர்களுக்கும் வந்திருக்கும்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூட நாளில் பிரமாதமாக ஆடியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது முழங்கால் ஒரு பக்கம் போனால் பந்து இன்னொரு பக்கம் போகிறது. ஆனால் மனிதர் தங்கம். வெற்றி என்கிற பையன் படிக்க வந்து இறங்கிய அன்று அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏவன்டேலில் அறை பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். ஃபிஜியிலிருந்து வந்த சஞ்சீத்துக்கு எலெக்ட்ரீஷியன் வேலை அமையும்வரை கிடங்கில் ஷிஃப்ட் வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை பாதி அணி மைதானத்துக்கு வந்து சேர்வதே அவருடைய வேனில்தான். அப்படிப்பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, அவரை விட்டுவிட்டு இன்னொருவனுக்குப் பந்தைத் தட்ட எவனுக்கு மனசு வரும்?

ஒருவனுக்கும் வரவில்லை. வலது ஓரத்தில் சஞ்சீத் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருப்பான். பந்து வெற்றியின் காலில் இருக்கும். அவன் சஞ்சீத்தைப் பார்ப்பான், பிறகு அண்ணனைப் பார்ப்பான், பந்து அண்ணனிடம் போய்விடும். அங்கே எதிரணிக்காரர்கள் மூன்று பேர் முன்கூட்டியே வந்து காத்திருப்பார்கள், ஏனென்றால் எங்கள் ஆட்டத்தின் ரகசியம் ஆக்லாந்து முழுக்கத் தெரியும். அடுத்த நிமிஷம் அந்த மூன்று பேரும் பந்தோடு என்னைப் பார்த்து ஓடி வருவார்கள்.

ஆகஸ்ட் முடியும்போது புள்ளிப் பட்டியலில் எங்களுக்குக் கீழே யாரும் இல்லை. கடைசி இடத்திலேயே முடித்தால் அடுத்த வருஷம் இந்த அணியே கிடையாது என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி யோகராணி அக்கா சொன்னார். வாரம் முழுக்க அடுத்தவன் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற மனிதருக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் சொந்த நாள். அதுவும் போய்விட்டால் அவர் என்ன செய்வார்?

ஒடாஹுஹுவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடி ஆலோசித்தோம். எங்கள் பாஸ் ஏன் போய்ச் சேர்வதில்லை? சேறு என்றான் ஒருவன். காற்று என்றான் இன்னொருவன். இப்போது ஐடியில் வேலை பார்க்கும் வெற்றி, லேப்டாப்பில் அம்புக்குறிகள் போட்டு ஒரு படம் காட்டினான். எல்லா அம்பும் ஒரே வட்டத்தில் போய்க் குத்தின. வட்டத்துக்குள் அண்ணன் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் எல்லோரும் குனிந்து மும்முரமாகச் சாப்பிட ஆரம்பித்தோம்.

அண்ணன் மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டினார். "பாத்தியளே, நான் எப்பவும் சரியான இடத்திலைதான் நிக்கிறன். பந்தைக் கொஞ்சம் வேகமாத் தாங்கோ, அவ்வளவுதான்."

"சரிங்கண்ணே" என்றான் வெற்றி.

அடப்பாவி என்று மனசுக்குள் திட்டினேன். நானாவது சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் தன் கொத்துரொட்டியில் பாதியை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டார்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும். இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். யோகராணி அக்கா ஆரஞ்சுத் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தவர், அண்ணன் முன்னால் நின்றுவிட்டார்.

"இவங்கள் ஏன் உங்களுக்கே பந்து தாறாங்கள் எண்டு யோசிச்சனீங்களே?"

"நான் ஃப்ரீயா நிக்கிறன், தாறாங்கள்."

"ஃப்ரீயாவோ? சுத்தி மூண்டு பேர் நிக்கிறாங்கள்! மரியாதைக்குத் தாறாங்களப்பா. கலியாண வீட்டிலை பெரியாக்களை முதல் பந்தியிலை இருத்துற மாதிரி."

அண்ணன் எங்களைப் பார்த்தார். வெற்றி தன் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தான். "நோ நோ அங்கிள்" என்றான் சஞ்சீத், ஆனால் குரல் எழும்பவில்லை. நான் ஆரஞ்சை முழுசாக வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டியைக் கழற்றி வெற்றியிடம் கொடுத்தார்.

"நான் வெளியாலை நிக்கிறன். வெல்லுங்கோடா" என்றார்.

அவர் வெளியே போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு வெற்றி கோலுக்கு முன்னால் போய் நின்றான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். கோட்டுக்கு வெளியே அண்ணன் ஆர்வம் தாங்காமல் கையைத் தூக்கி, "அடி, அடி!" என்று கத்தினார். வெற்றி தூக்கிய கையைப் பார்த்தான். பந்தை அழகாக மைதானத்துக்கு வெளியே, நேராக அண்ணனுக்குப் பாஸ் செய்தான். அண்ணனும் அதைக் காலால் நிறுத்தினார். அந்த சீசனிலேயே எங்கள் அணியின் ஒழுங்கான பாஸ் அதுதான்.

அக்கா வந்து அவர் கையைப் பிடித்தார். "வாங்கோ. வேனுக்கை இருங்கோ." கிளப் கட்டடத்துக்குப் பின்னால் வேன் நின்றது. அங்கிருந்து மைதானம் தெரியாது. மனிதரை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

வெற்றி காலில் மறுபடி பந்து வந்தது. வழக்கமாகப் பார்க்கிற பக்கம் பார்த்தான். அண்ணனைக் காணோம். இன்னொரு பக்கம் தேடினான். வேறு வழி இல்லாமல் சஞ்சீத்துக்குத் தட்டினான். சஞ்சீத் அதைத் திருப்பிக் கொடுத்தான். கோல்! ஆட்டம் முடிவதற்குள் அதே மாதிரி இன்னொன்றும் போட்டோம். என் பக்கம் பந்தே வராததால் எனக்குக் குளிரெடுத்தது.

விசில் ஊதியதும் எல்லோரும் வேனுக்கு ஓடினோம். ஜெயித்துவிட்டோம் என்றதும் அண்ணன் அழுதேவிட்டார். யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் அடித்தார்கள் என்று ஒவ்வொரு கோலையும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மெதுவாக, "அப்ப நான் இல்லாட்டித்தான் நல்லா விளையாடுறியள், என்ன?" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லண்ணே!" என்று மொத்த அணியும் ஒரே குரலில் சொன்னது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்றாங்கண்ணே. நீங்க நடுவுல நின்னா பந்து முன்னால போகாது" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அண்ணன் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார்.

"ஓம் கோதண்டம். நீர் ஒராள்தான் உண்மை சொன்னனீர். நானும் வேனுக்கை இருந்து அதைத்தான் யோசிச்சனான். அடுத்த வருசம் நடுவிலை நிக்கேல்லை. கோலுக்கை நிக்கிறன். அங்கை நிண்டா ஓடத் தேவையில்லை, இவங்கள் பந்தைத் தந்தாலும் கரைச்சல் இல்லை. நீர் என்ன சொல்லுறீர்?"

மொத்த அணியும் என்னைப் பார்த்தது. சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. அண்ணனின் கண் இன்னும் ஈரமாக இருந்தது. அவருடைய கை இன்னும் என் தோளிலேயே இருந்தது.

"தாராளமா நில்லுங்கண்ணே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது உங்களுக்குச் சரியா இருக்கான்னு போட்டுப் பாருங்க" என்று என் கையுறைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.