கண்புரைக்குப் பாலிசி விற்றவன்

ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாலிசி விற்கும் தொழிலில், ஆள் நன்றாக இருக்கும்வரை அவர் நம்மைக் கண்டு ஒளிவார். உடம்புக்கு வந்துவிட்டால் நாம் அவரைக் கண்டு ஒளிய வேண்டும். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் செருப்பைத் தேய்த்திருந்தால் மேலே படிக்கத் தேவையில்லை, எல்லாம் தெரிந்த சங்கதிதான். மற்றவர்களுக்காக, எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலைத் தெருக்களில் சைக்கிளும் ரெக்ஸின் பையுமாக நான் அலைந்த கதையிலிருந்து கொஞ்சம்.

பயிற்சி வகுப்பு

வேலூர் ஆபீசில் எனக்கு மேலே நடராஜன் என்று ஓர் அதிகாரி. எனக்கு அவர் நடத்திய பயிற்சி வகுப்பு ஒரு டீ குடிக்கும் நேரம்தான் நீடித்தது. விண்ணப்பப் படிவத்தில் எட்டுக் கேள்விகள் இருந்தன. சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, கண்ணில் கோளாறு உண்டா என்று வரிசையாக. எல்லாம் இங்கிலீஷில். "ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டுமா சார்?" என்று வெள்ளந்தியாகக் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நோய் இருக்குதான்னு கேட்டா, இருக்குதுன்னுதான்யா சொல்வாங்க. நீ ஏன் கேக்கற? எட்டுக்கும் 'நோ'ன்னு எழுது, கையெழுத்த வாங்கு, வந்துடு."

அரிசி மண்டிக்காரரின் கண்ணாடி

என்னிடம் பாலிசி எடுத்தவர்களில் முதலில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர். கண்புரைக்கு முதல் வருஷம் பணம் கிடையாது என்பது கம்பெனி விதி. அவர் விவரமானவர், இரண்டாம் வருஷம் பிறந்த மறு வாரமே போய்ப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பில்லுக்குப் பணம் வந்தது. கண்ணாடிக்கு மட்டும் வரவில்லை. அந்தக் காலத்து ஆபரேஷனில் புரையோடு கண்ணின் லென்ஸையே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகச் சோடா பாட்டில் அடிபாகம் போல ஒரு தடிமனான கண்ணாடி போட வேண்டும். போடாவிட்டால் எதிரில் நிற்பது மகனா மாடா என்று தெரியாது.

கண்ணாடி என்பது சிகிச்சையில் சேராது, அது சொந்த உபயோகப் பொருள் என்று விதியை அவருக்கு விளக்கினேன். சீப்பு, சோப்பு டப்பா மாதிரி. அவர் கணக்குப் பிள்ளையை வெளியே போகச் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"அதாவது, உங்க கம்பெனி செலவு பண்ணி என் கண்ணத் தொறந்து வுடும். ஆனா நான் அதால எதையும் பாக்கக் கூடாது. அதானே தம்பி?"

டெய்லர் ஏழுமலை

செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி டெய்லர் ஏழுமலையின் கடை. இரண்டு மெஷின். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி சரோஜா. வருஷத்தில் பாதி நாள் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஜிப்பா, மீதிப் பாதி பள்ளிக்கூட யூனிபார்ம். நான் போனபோது ஊசியைத் தெருப்பக்கம் தூக்கிப் பிடித்து நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை தவறிவிட்டது. நான்காவது தடவை சரோஜா எழுந்து வந்து கோத்துக் கொடுத்தாள். இதையெல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

துணி வெட்டும் மேஜைமேல் படிவத்தைப் பரப்பி 'நோ' எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது 'நோ'வில் அவர், "ரெண்டு மாசமா எடது கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குது சார், அத எழுதணுமா?" என்று கேட்டார். என்னிடம் இப்படிக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். "அதெல்லாம் வயசு, நோயில்ல" என்று சொல்லிவிட்டு மிச்சம் ஐந்தையும் எழுதி முடித்தேன். அவர் தயங்கினார். பிறகு பேனாவை வாங்கி, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க படிச்சவங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

முத்தாத புரை

சில மாதத்தில் ஏழுமலைக்கு மங்கல் ஜாஸ்தியாகிவிட்டது. அந்த நாளில் புரை முத்தினால்தான் டாக்டர்கள் கத்தி வைப்பார்கள். "இன்னும் முத்தல, மெதுவா வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அவர் மாங்காயைச் சொல்வதுபோலச் சொன்னார் என்று ஏழுமலை குறைப்பட்டுக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் குஷி. எப்படியும் ஒரு வருஷம் ஓட்ட வேண்டுமே, புரை கம்பெனி விதிக்குக் கட்டுப்பட்டு வளர்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்தை அவர் எப்படி ஓட்டினார் என்று சரோஜாவைத்தான் கேட்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் ஜிப்பாவுக்குப் பாக்கெட்டை உள்பக்கமாகத் தைத்துவிட்டார். அவள் அதுதான் இந்த ஊர் வழக்கம் என்று நினைத்து, அதேபோல இன்னும் இரண்டு கேட்டாள். கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சரோஜா சிரிக்கவில்லை.

"வெள்ளக்காரங்க சிரிச்சிக்கினு போட்டுக்குவாங்க சார். பள்ளிக்கூடத்துல இந்த வருஷம் யூனிபார்ம வேற கடைக்குக் குடுத்துட்டாங்க."

இலவச முகாம்

அந்த வருஷம் முடிந்து ஒரு மாதத்தில் டாக்டரும் ஒருவழியாகச் சம்மதித்தார். அதே சமயம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளை அகற்றிப் பாய் விரித்து, வரிசையாகப் பச்சைத் துணி கட்டிய கண்கள். ஆபரேஷன், சாப்பாடு, கண்ணாடி, எதற்கும் காசு கிடையாது. ஏழுமலை அங்கே பெயர் கொடுக்கக் கிளம்பியே விட்டார். குறுக்கே சைக்கிளை நிறுத்தியவன் நான். "கையில் பாலிசியை வைத்துக்கொண்டு எதற்குப் பாயில் படுக்கிறீர்கள்? வேலூரில் கட்டில், மின்விசிறியோடு ஜம்மென்று செய்துகொள்ளுங்கள். பணத்துக்கு நான் ஆச்சு" என்றேன். பாலிசியில் ஒருத்தர் பலன் அடைந்தால் அந்தத் தெருவே என்னிடம் வரும் என்ற கணக்கு எனக்கு.

முதலில் அவர் கட்ட வேண்டும், பிறகு கம்பெனி தரும் என்பதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் சரோஜாவின் மெஷினை விற்றார். மெஷின் கடையிலிருந்து வண்டியேறிப் போகும்போது சரோஜா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பணம் வந்ததும் இதே மெஷின திருப்பி வாங்கிடலாம்ல சார்?"

மூணு வருஷம்

பணம் வரவில்லை, கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக் குறிப்பில் "மூன்று வருஷமாகப் பார்வை மங்கல்" என்று டாக்டர் எழுதியிருந்தார். பாலிசிக்கு வயது பதிமூன்று மாதம். ஆகவே நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறார், பணம் கிடையாது. மூன்று வருஷம் எங்கிருந்து வந்தது என்று ஏழுமலையைக் கேட்டேன். "கம்மியா சொன்னா டாக்டர் சரியா பாக்க மாட்டாருன்னு சேத்துச் சொன்னேன் சார்" என்றார். அவரை என்ன சொல்வது? ஒரு நாள் காய்ச்சலை ஒரு வாரக் காய்ச்சல் என்று சொல்லாமல் டாக்டர் வீட்டுப் படியேறியவர் நம்மில் யார்?

வேலூருக்கு ஓடினேன். மங்கலாக இருப்பதை அவர் என்னிடம் சொன்னார், மறைத்தவன் நான்தான் என்று நடராஜனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பைத்தியமாய்யா நீ? நாம உண்மையச் சொன்னா வேலை போயிடும். அந்தாளு உண்மையச் சொன்னா பணம் போயிடும். இதுல யாரும் உண்மையச் சொல்ல வேணாம்."

எட்டு 'நோ'

நான் ஒரு வாரம் செங்கம் ரோட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனேன். கடையில் ஒரே ஒரு மெஷின். சரோஜா தரையில் உட்கார்ந்து கையால் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்த தலை நிமிரவில்லை. ஏழுமலை தடிமனான கண்ணாடியோடு என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் கண் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அந்தக் கண்ணுக்கு எதிரே நிற்க என்னால் முடியவில்லை.

விண்ணப்பத்தின் நகலைக் கேட்டார், கொடுத்தேன். கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்து இறங்கினார். வெள்ளைக்காரர்களோடு பழகியதில் அந்த ஒரு வார்த்தையைப் படிக்க அவருக்குத் தெரியும். எட்டையும் எண்ணி முடித்துவிட்டு நகலை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"ஆபரேஷன் நல்லாத்தான் ஆயிருக்குது சார். நீங்க எழுதினது எல்லாம் இப்பதான் எனக்குத் தெளிவா தெரியுது."

இப்போது எனக்கே இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டால், "இன்னிக்குக் காலையிலிருந்துதான் டாக்டர்" என்று முகம் மாறாமல் சொல்லத் தினமும் கண்ணாடி முன்னால் நின்று பழகி வருகிறேன்.