கதவுக்குப் பின்னால் தொங்கிய சல்லடை

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடப்பதைச் சலித்துப் பிரிக்க வேண்டும் என்று வருஷம் தவறாமல் ஆறாம் வகுப்புக்கு நடத்துகிறேன். அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

மகள் வேலைக்காகப் பெங்களூரு போனபின் வீட்டில் நான் மட்டும்தான். ஒரு சனிக்கிழமை டப்பாக்கள் சரிந்து துவரம்பருப்பும் கடுகும் கலந்துவிட்டன. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மும்தாஜ் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகோடு ஓடிவந்தாள். "பைய பொறுக்கிருவோம் டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள். சல்லடையில் இரண்டு நிமிட வேலை. அதை நான் சொல்லவில்லை. பேசிக்கொண்டே பொறுக்கியதில் ஒரு மணி நேரம் போனது.

அடுத்த சனிக்கிழமை நானே வேண்டுமென்று கொட்டிக் கலந்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த வாரமும்.

மூன்றாம் முறை அவள் தலை நிமிராமலே சொன்னாள். "கதவுக்குப் பின்னால தொங்குத சல்லடைய மொத நாளே பாத்துட்டேன் டீச்சர்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "பெறகு ஏன் சொல்லல?"

"அவுக துபாய் போயி மூணு வருஷமாச்சு. எனக்கு மட்டும் வீட்ல யாரு இருக்கா?"

அதற்கடுத்த சனிக்கிழமை நான் எதையும் கொட்டவில்லை. மும்தாஜ் வந்தாள், சுளகு இல்லாமல்.