மண்டையோட்டை எடுத்த சேம்பிள்

தொண்ணூறுகளோட ஆரம்பம். வீரபாண்டியில ஒரு பனியன் கம்பெனியில நான் பிரிண்டிங் மாஸ்டர். சரக்கு எடுக்கிற இத்தாலி பையர் ஒருத்தர், டி-சர்ட்டுல போடச் சொல்லி அவங்க ஊர்ப் பழைய சாமி படம் ஒண்ணை அனுப்பியிருந்தார். முழுக்க இருட்டு. தலைவிரிகோலமா ஒரு பொம்பளை, மடியில மண்டையோடு, பக்கத்துல ஒத்த மெழுகுதிரி.

முதலாளி முகத்தைச் சுளிச்சார். “ஏனுங்க மாஸ்டர், எழவு ஊடு மாதிரி இருக்குதுங்க. புது பிரிண்டிங் டேபிளுக்குப் பூஜை போட்டு, முதல் வேலையே மண்டையோடுங்களா? அதை எடுத்துப்போட்டு வெளிச்சமாப் பண்ணுங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா டேபிளும் வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம்.”

நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. இருட்டைத் தூக்கிட்டு ஆகாச நீலம் அடிச்சேன். மண்டையோடு இருந்த இடத்துல தாமரை. தலைக்குப் பின்னால ஒளிவட்டம் நம்ம கைச்சரக்கு. தினசரி காலண்டர்ல ஒட்டலாம், அவ்வளவு லட்சணம்.

துணியில குறை பார்க்கிற செக்கிங் டேபிள்ல தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

“மாஸ்டர், இது மகதலா மரியாள்லா. மண்டையோட்ட ஏன் எடுத்திய? நாமளும் ஒருநா இப்படித்தான் ஆவோம்னு நெனச்சி, செஞ்ச பாவத்துக்கு அழுதுகிட்டிருக்கா. இருட்டு அவ பட்ட பாடு. இந்த ஒத்தத் திரிதான் மன்னிப்பு. எல்லாத்தையும் வெளிச்சமாக்கிட்டா திரி எதுக்கு?”

எனக்குச் சுருக்குன்னுது. முதலாளிக்குத் தெரியாம, கறுப்பையும் மண்டையோட்டையும் அப்படியே விட்டு இன்னொரு சேம்பிள் அடிச்சு வெச்சேன்.

பையர் நேர்ல வந்தார். நீலத்தைப் பார்த்துட்டு ஓரமாத் தள்ளி வெச்சார். கறுப்பை எடுத்து நீட்டினேன். கையில வாங்கிப் பார்த்துட்டு, இதைப் புரிஞ்சு பண்ணினது யாருன்னு கேட்டார். நான்தான்னேன். திரி, மன்னிப்புன்னு அக்கா சொன்னதையும் என் சொந்தச் சரக்காட்டம் எடுத்துவிட்டேன். ஆர்டர் ஓகே.

“நான் அப்பவே நெனச்சனுங்க, இருட்டுதான் எடுப்பா இருக்கும்னு,” என்றார் முதலாளி.

சாயங்காலம் அக்கா கேட்டாங்க, “எம் பேரச் சொன்னியளா?”

சொல்லலைங்கக்கான்னேன்.

“போய்ச் சொல்லிருங்க. அந்தப் பொம்பளையும் செஞ்சத ஒத்துக்கிட்டுத்தான் அழுதா.”

போனேன். முதலாளி ஊட்டுக்குக் கிளம்பிட்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு திரும்பிட்டேன். அடுத்த சீசன்ல அக்கா வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க.

பிரிண்டிங்குக்கு வர்றவங்களுக்குச் சொல்றேன். படம் புரியலைன்னா செக்கிங் டேபிள்ல கேளுங்க. கேட்டா, யார்கிட்டக் கேட்டீங்கன்னும் சொல்லுங்க. தள்ளிப்போட்ட அந்த ‘நாளைக்கு’ வர எனக்கு இத்தனை வருஷமாச்சு. அவங்க பேரு பிலோமினா.