பயிற்சியாளருக்குக் கிடைத்த பின்னூட்டம்

வேலந்தாவளம் பக்கம் நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மாணவர்களுக்கு இலக்கு வைத்துக்கொள்ளக் கற்றுத்தர வந்தவர், தன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தானே கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டிக்கொண்டார். அடுத்தவர் இலக்கைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது என்றார். முதலில் நல்லதைச் சொல்லி, பிறகு குறையைச் சொல்லி, திருத்த வழியும் சொல்ல வேண்டும் என்று நெடுநேரம் விளக்கினார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது எனக்குப் பழக்கம்தான்.

ஒரு மாணவி எழுந்து, "மாட்டு யாவாரி ஆகோணுங்க சார்" என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கலெக்டர்னு சொல்லு அம்மிணி!"

அவள் முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்த தோழி எழுந்தாள். "நல்லாப் பேசுனீங்க சார். ஆனா நீங்களே சிரிச்சுப்போட்டீங்க. இனிமேட்டு ஏன்னு கேட்டுப்போட்டுச் சொல்லுங்க."

சபாஷ் என்று மழுப்பிவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் அந்த மாணவியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "தப்பு என்மேலதான் அம்மிணி. மாட்டு யாவாரம் ஏன்னு சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல, சோற்று மணி அடித்ததுகூட அவருக்குக் கேட்கவில்லை.

கற்றுக்கொடுத்ததைத் தானும் கற்றுக்கொண்ட பயிற்சியாளரை அன்றுதான் பார்த்தேன். அப்படிப்பட்டவரை எப்படி வேலையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இன்னும் புரியவில்லை.