அன்லிமிடெட் விற்றவன் வீட்டு இணையம்

பதினோரு வருடமாக ஒரு செல்போன் நிறுவனத்தின் கடையில் மூன்றாம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். என் திறமை முழுவதும் வலது கட்டை விரலில் இருக்கிறது. எங்கள் திட்ட அட்டையில் 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைத்திருப்பார்கள். அட்டையின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் போனால் வேகம் குறையும் என்பது முதல் வரி. ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புக்குக் கொடுத்தால் அதற்குத் தனி அளவு, மாதத்துக்கு இவ்வளவுதான் என்பது இரண்டாவது வரி. அட்டையை வாடிக்கையாளர் பக்கம் நீட்டும்போது என் கட்டை விரல் சரியாக அந்த இரண்டு வரி மேல் போய் உட்காரும்.

யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்த கலை. மேனேஜர் ஒருநாள் கவனித்துவிட்டு, "அட்டைய நல்லா பிடிக்கறய்யா" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. யாராவது கேட்டால் விரலை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பதினோரு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

தெருவில் எனக்கு அன்லிமிடெட் என்றே பெயர். "அன்லிமிடெட் சார் போறார்" என்பார்கள். கேலி என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. எதிர் வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா மட்டும் வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் பழைய இணைய இணைப்பை விடாமல் வைத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம், "இன்னுமா அக்கா இந்தக் கம்பிய வெச்சிருக்கீங்க? கட் பண்ணிட்டு நம்ம கடைக்கு வாங்க" என்பேன். அவர் வாயில் குண்டூசி இருக்கும். தலையை மட்டும் ஆட்டுவார்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. மறுபடி வேலைக்குப் போக நான்கு இடத்தில் கேட்டுவிட்டாள். எட்டு வருட இடைவெளி என்று நான்கு இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். ஐந்தாவதாக, பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் எடுக்கும் நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டிலிருந்தபடியே வீடியோவில் நாற்பது நிமிடம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மூன்று பேர் பார்ப்பார்கள்.

"இதுவும் போச்சுன்னா இனிமே எங்கயும் கேக்கப் போறதில்லைங்க" என்றாள், துணி மடித்துக்கொண்டே. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ பாடத்தப் பாரு. டெக்னிக்கல் சமாசாரத்த எங்கிட்ட விட்டுடு" என்றேன்.

எங்கள் நிறுவனம் ஊழியர்களுக்கு இலவசமாக ஒரு அன்லிமிடெட் தருகிறது. அதற்கு நட்சத்திரக் குறி கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் நம்மையெல்லாம் குடும்பம் என்கிறார்களே, குடும்பத்துக்கு யாராவது நட்சத்திரம் போடுவார்களா? கையெழுத்துப் போட்ட தாளின் அடியில் அதே இரண்டு வரி இருந்திருக்கத்தான் வேண்டும். பழக்கதோஷம், என் விரல் அதன்மேல் போய் உட்கார்ந்திருக்கும்.

திங்கட்கிழமையிலிருந்து ஒத்திகை. வேறு ஊரில் இருக்கும் அவள் அக்காதான் மாணவி. என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட், லேப்டாப்பில் வீடியோ, தினமும் மூன்று மணி நேரம். "இவ்ளோ நேரம் ஓடுதே, தீந்துடாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"யார்கிட்ட கேக்கற?" என்றேன், மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு. "இன்னும் ஒரு மணி நேரம் கூடப் பேசு."

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து போனுக்கு எச்சரிக்கை வந்தது. ஹாட்ஸ்பாட் அளவில் தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டதாம். இந்த மாதிரி மெசேஜைக் கொண்டுவந்து காட்டும் வாடிக்கையாளர்களிடம், "அது எல்லாருக்கும் தானா வர்றதுங்க, கண்டுக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. எனக்கு வந்ததையும் கண்டுகொள்ளாமல் அழித்தேன். மிச்சமிருந்த பத்து சதவீதத்தை அக்காவும் தங்கையும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அனேகமாக முடித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, வெள்ளைப் பலகையைச் சுவரில் மாட்டி, ஜன்னல் வெளிச்சம் சரிபார்த்து, கதவுக்குப் பின்னால் பெரிய இன்ஜினீயர் மாதிரி நின்றேன். அழகாக ஆரம்பித்தாள். ஏழாவது நிமிடம், மூன்றில் இரண்டு பெரியதா நான்கில் மூன்று பெரியதா என்று கேட்டு, பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று நிறுத்தினாள். திரையில் இருந்த மூன்று பேரும் அப்படியே உறைந்து போனார்கள். ரொம்ப யோசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவளுடைய பழைய பட்டன் போன் அடித்தது. "மேடம், உங்க படம் நின்னுடுச்சு. பத்து நிமிஷம் காத்திருக்கோம். அதுக்குமேல அடுத்தவங்க இருக்காங்க" என்றது ஒரு பெண் குரல்.

அந்த வகுப்புத் திரை லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும். என் போனில் இணையம் கொட்டிக் கிடந்தும் ஒரு பயனும் இல்லை. உதவி எண்ணைக் கூப்பிட்டேன்.

"உங்க பிளான் அன்லிமிடெட்தான் சார்" என்றாள் அங்கே போனை எடுத்த பெண். "ஹாட்ஸ்பாட் அளவு மட்டும் முடிஞ்சிருக்கு. ஒண்ணாம் தேதி தானா வந்துடும்."

"டாப்-அப் போட்டுக்கறேம்மா."

"ஸ்டாஃப் பிளானுக்கு டாப்-அப் கிடையாது சார்."

"நான் ஸ்டாஃப்மா! நம்ம கம்பெனிதான்!"

"அதனாலதான் சார் சொல்றேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி அங்கே இல்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் பலகையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தையல்கார அக்காவுக்கு இரண்டு வாக்கியத்தில் விஷயம் புரிந்துவிட்டது. பள்ளிச் சீருடைகள் அன்று மதியமே போய்ச் சேர வேண்டும். இருந்தும் மூன்று மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வெட்டு மேஜையைக் காலி செய்து கொடுத்தார். என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, உங்கிட்டதான் நிறைய இருக்குமே?" என்று கேட்டார். கிண்டல் துளியும் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். கிண்டல் செய்திருந்தால் தேவலை.

பத்து நிமிடத்துக்குள் வகுப்பு மறுபடி தொடங்கியது. அந்தச் சுவரில் ஆணி இல்லாததால் பலகையை நான் தூக்கிப் பிடித்தேன். திரையில் என் பத்து விரல் மட்டும் தெரிந்தது. பேனாவை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நொடி திகைத்தாள். பிறகு மேஜையில் கிடந்த நீலத் துணியில் ஒரே நீளத்துக்கு இரண்டு பட்டை கிழித்தாள். ஒன்றை மூன்றாக வெட்டினாள், இன்னொன்றை நான்காக வெட்டினாள். பலகைமேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, இதில் இரண்டு, அதில் மூன்று என்று அந்தத் துணியில் குண்டூசி குத்தி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். எது பெரியது என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கே தெரிந்தது. தையல்காரப் பெண்கள் மூவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை வலி உயிர் போயிற்று, ஆனால் அவ்வளவு பெருமையாக நான் எந்த அட்டையையும் பிடித்ததில்லை.

நாற்பது நிமிடம் முடிந்தது. திரையிலிருந்த மூவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் குரல் சொன்னது:

"திங்கக்கிழமையே சேந்துக்கங்க மேடம். ஒண்ணே ஒண்ணுதான். இனிமே நடுவுல நிக்கக் கூடாது, பிள்ளைங்க எழுந்து போயிடும். நல்ல லைனா பாத்துப் போட்டுக்கங்க. உங்க வீட்டுல இதெல்லாம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

பலகைக்குப் பின்னால் நான் நிற்பது என் மனைவிக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்படி யாரும் இல்லீங்க மேடம்" என்றாள். "இந்த அக்காவக் கேட்டு நானே போட்டுக்கறேன்."

அழைப்பு முடிந்தது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. "கீழ வைங்க, கை வலிக்கப் போவுது" என்று அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நான் பலகையை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.