விழிக்கும் முன்னே போன டாக்டர்

அக்காவின் வலது தோளில் ஒரு கொழுப்புக் கட்டி. கருங்கல் சந்தையில் மீன் விற்கிறவள். மீன் நிறைந்த சருவப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றும்போதெல்லாம் அது இழுத்துப் பிடித்தது. சந்தைக்குப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

கட்டியை எடுத்து முடித்து, மயக்கம் தெளியாத அக்காவைப் பக்கத்து அறையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மயக்க மருந்து கொடுத்த டாக்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "நல்லா தூங்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பையோடு படியிறங்கினார். அக்கா குறட்டை விட்டாள். வீட்டிலும் அப்படித்தான் என்பதால் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறட்டை நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது நெஞ்சு அசையவில்லை. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் வயர் கட்டிலுக்குக் கீழே சும்மா தொங்கியது. ஆக்சிஜன் அளவு காட்டும் மெஷினை அடுத்த நோயாளிக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து தாடையைத் தூக்கிப் பிடித்து, மாஸ்க்கை அழுத்திக் காற்று கொடுத்தார். மயக்க டாக்டர் அதற்குள் அருமனையில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வென்டிலேட்டரை எடுத்த பிறகு அக்கா என்னிடம் முதலில் கேட்டது, "ஏலே மக்கா, கட்டிய எடுத்தாச்சா?"

தையல் பிரிக்க முதல் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். அறுவை செய்த டாக்டர் தலையைத் தூக்காமல் தையலைப் பிரித்தார்.

"மருந்து சிலருக்கு ஒத்துக்காதும்மா. யாரு மேலயும் குத்தமில்ல."

"நான் முழிக்கதுக்கு முந்தி அவரு என்னத்துக்கு போனாரு?"

"அவருக்கு அடுத்த கேஸ் இருந்துச்சு."

"அப்ப எனக்க கேஸ் முடிஞ்சுபோச்சா?"



ஆஸ்பத்திரி மேல் மனு கொடுத்தோம். விசாரணை அதிகாரி அந்த வயரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. அக்கா சந்தைக்குத் திரும்பிவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் சிலரின் பெயர் மட்டும் நினைவுக்கு வராமல் நிற்கும், அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

போன மாதம், சந்தையில் அக்காவுக்குப் பக்கத்தில் கடை போடுகிறவளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். அக்கா துணைக்குப் போனாள். முடிந்து அவளை அறையில் கொண்டுவந்து கிடத்தியதும், அந்த ஆஸ்பத்திரியின் மயக்க டாக்டர், ஓர் இளம்பெண், பையை எடுத்தார். அக்கா நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ முழிச்சு நம்மட்ட பேசட்டும் மோளே. பெறவு போலாம்."

 அந்த டாக்டர் பையை வைத்துவிட்டுக் கட்டிலருகில் போய் நின்றார்.