குதிகால் ரகசியம்

எங்கள் வீட்டில் ஏதாவது முக்கியமான பேச்சு என்றால் முதலில் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போய்ப் போய் வாங்கிவந்த வெந்தயமே அடுக்களையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. காரணம் என் வாய். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அவள் கட்டியிருந்த பட்டுச்சேலை எதிர்வீட்டில் இரவல் வாங்கியது என்று காப்பி குடித்து முடிப்பதற்குள் சொன்னவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வீட்டில் என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்ன ஒரே மனிதர் என் மாமாதான். அம்மாவின் தம்பி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து படிக்க வந்து, தச்சநல்லூரில் எங்களோடு தங்கியிருந்தார். படித்தாரோ இல்லையோ, குத்துச்சண்டை பழகினார். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம். நாலு தப்படி ஓடினால் மூச்சு இளைக்கும். அவர் அடித்தால் கொசு செத்ததா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் அவரை அடிப்பது யாருக்கும் லேசில் முடியாது. சின்ன வயதில் ஆச்சி அப்பள மாவு இடிக்கும்போது, உரலுக்குள் கைவிட்டு மாவைத் திருப்பிப் போடுகிற வேலை அவருக்கு. உலக்கை மேலே போய் வருவதற்குள் கை உள்ளே போய் வெளியே வந்துவிட வேண்டும். இடிக்கிறவளின் தோளைப் பார்த்தாலே உலக்கை எப்போது விழும் என்று தெரிந்துவிடும் என்பார். பத்து விரலும் நல்லபடியாக இருந்ததால் நாங்களும் நம்பினோம்.

அப்பாவுக்கு மாட்டுத்தீவனக் கடை. மச்சினன் அடிதடி பழகுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பாளையங்கோட்டையில் நடக்க இருந்த போட்டிக்கு முன்னால் கறாராகச் சொல்லிவிட்டார். ஜெயித்தால் மாவட்டத்துக்காக மெட்ராஸ் போய் விளையாடட்டும். தோற்றால் கையுறையைப் பரணில் போட்டுவிட்டு மறுநாளே புண்ணாக்கு நிறுக்க வந்துவிட வேண்டும். மாமா சரி அத்தான் என்றார். அன்றைக்கு இட்லியை இரண்டோடு நிறுத்திக்கொண்டார். வழக்கமாக எட்டு.

எதிராளி தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். பெரிய தேர் அசைந்து வருவது மாதிரி நடப்பார். அவருடைய வலதுகை பட்டுக் கீழே விழுந்தவர்கள் மணி அடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். தம்பி அடிவாங்குவதைப் பார்க்க முடியாதென்று அம்மா வரவில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே அப்பா வந்தார். மாமா பிடிவாதமாக என்னையும் கூட்டிக்கொண்டார்.

மைதானத்தில், சண்டைக்கு இன்னும் நேரம் இருக்கும்போது, ஒரு வேப்பமரத்தடியில் மாமா என் காதருகே குனிந்தார்.

"மருமவளே, உன்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். அந்தாளு வலதுகையால அடிக்கதுக்கு முன்னால வலது குதிகாலத் தூக்குதாரு. நான் அத மட்டுந்தான் பாத்துக்கிட்டே இருப்பேன். யாருட்டயும் சொல்லிராத."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மாமா ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கித் தந்து, ரெட்டைச்சடை போட்ட ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார். வேறு பெஞ்சுகள் எத்தனையோ காலியாகத்தான் கிடந்தன.

அவள் அந்தத் தூத்துக்குடிக்காரரின் தங்கை. கறுப்புக்கயிற்றில் சிலுவை கோத்துப் போட்டிருந்தாள். கடலையைப் பங்கு போட்டுத் தின்றோம். பாதிப் பொட்டலம் தீரும்வரை ரகசியத்தைக் காப்பாற்றினேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய காலம். அப்புறம் அவள் மாமாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தக் குச்சியையா எங்க அண்ணன் அடிக்கணும்? மூச்சு விட்டாலே விழுந்துருமே."

எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அண்ணன் அடிக்க நினைக்கும்போதே எங்கள் மாமாவுக்குத் தெரிந்துவிடும் என்றேன். எப்படி என்று கேட்டாள். குதிகால் கதையை ஆதியிலிருந்து அந்தம்வரை சொன்னேன். போதாதென்று எழுந்து நின்று தூக்கியும் காட்டினேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகப் போனாள். தண்ணீர்ப் பானை இந்தப் பக்கம் இருந்தது. அவள் போனது அந்தப் பக்கம். அண்ணன் காதில் அவள் பேசுவதையும், அவர் குனிந்து தன் காலையே பார்ப்பதையும் மென்ற கடலையை விழுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவிடம் ஓடிச் சொல்லலாம் என்று எழுவதற்குள் அவர் மேடை ஏறிவிட்டார்.

மணி அடித்தது. தூத்துக்குடிக்காரர் காலைத் தரையில் ஒட்டவைத்ததுபோல நின்றார். குதிகால் ஒரு நூல்கூட எழும்பவில்லை. மாமாவுக்கு இருந்த ஒரே அடையாளமும் போயிற்று. இனி புண்ணாக்குதான் என்று எனக்கு அழுகை முட்டியது. அந்த வலதுகை வந்து மாமாவின் தாடையில் பட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மாமா நின்றுகொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒருவர், "என்னலே இது, அடியில சத்தே இல்லியே" என்றார்.

குதிகாலைத் தூக்காவிட்டால் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாமல் கைக்குப் பலம் வராது. குதிகாலைத் தூக்காமல் ஒரு படி நெல் குத்த முடியுமா என்று உலக்கை பிடித்த எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவாள். எனக்கு அப்போது உலக்கை உயரம்கூட இல்லை.

மாமா அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பளத்தில் எண்ணெய் தடவுகிற மாதிரி ஒரு தட்டு, விலகல், மறுபடி ஒரு தட்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஏறியது. மூன்றாவது ரவுண்டில் அந்த மனிதர் பொறுமை இழந்து, காலை மறந்து, நிஜமாகவே ஓர் அடி அடித்தார். மாமா கீழே பார்க்கவே இல்லை. அவர் கண் எதிராளியின் தோளில் இருந்தது. சும்மா ஓர் எட்டு விலகினார். தேர் போய்க் கயிற்றில் மோதி நின்றது. நடுவர் மாமாவின் கையைத் தூக்கினார்.

அப்பா தன் தோள் துண்டால் மாமாவின் முதுகைத் துடைத்துவிட்டார். கடைக்கு வேறு ஆள்தான் பார்க்க வேண்டும்போல என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

எல்லோரும் சிரிக்க, நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுதேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"குதிகாலுன்னு வெவரமாச் சொன்னியா?" என்றுதான் கேட்டார்.

தூக்கியே காட்டினேன் என்றேன்.

"நீ மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தேன்னா, மாமா இன்னைக்குத் தோத்திருப்பேம்ளா."

எவ்வளவு தங்கமான மனுஷன், நான் அழக்கூடாதென்று இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று மனசு உருகிப்போயிற்று. இனிமேல் உயிரே போனாலும் அவர் ரகசியத்தை ஒருத்தரிடமும் சொல்வதில்லை என்று பிள்ளையார் மேல் ஆணையிட்டு, அங்கேயே மூன்று தோப்புக்கரணமும் போட்டேன்.

மெட்ராஸ் போட்டிக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாமாவின் முகம், நான் திருந்தியதைப் பார்த்ததும் ஏன் அப்படி வாடிப்போனது என்று எனக்கு விளங்கவே இல்லை.